நர்சரி குழந்தைங்களுக்கு பள்ளியிலேயே பல்லு விளக்கப் பழக்கறது எப்படி? புதுசா ஆரம்பிக்கற டீச்சருங்களுக்கு

தர்மபுரி பக்கம் ஒரு சின்ன நர்சரியில ப்ரீகேஜி, எல்கேஜி பசங்களோட இருக்கேன். மதியம் சாப்பாடு முடிஞ்சதும் எல்லா குழந்தையும் பல்லு விளக்கணும்னு முடிவு பண்ணி அதை நடைமுறைக்கு கொண்டு வர்றதுக்குள்ள நாங்க ரொம்பவே திண்டாடிட்டோம். யார்கிட்ட கேட்டாலும் "பாட்டு போட்டு சொல்லிக் குடுங்க மிஸ், கத்துக்குவாங்க"ன்னுதான் சொன்னாங்க. பாட்டெல்லாம் சுலபம். ஒரு குழந்தையோட ப்ரஷ் இன்னொரு குழந்தை வாய்க்குள்ள போகாம பார்த்துக்கறதும் பேஸ்ட்டை முழுங்காம பார்த்துக்கறதும்தான் கஷ்டம், இந்த ரெண்டுக்கும் வழி பண்ணிட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும். அதனால இங்க நான் சொல்றதுல பாதிக்கு மேல குழந்தை ப்ரஷ்ஷை கையில எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க செய்ய வேண்டிய வேலைதான்.

1. முதல்ல தண்ணியைப் பாருங்க

பேஸ்ட் வாங்கறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க, குறிப்பா தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் இருக்கறவங்க. நம்ம பக்கம் போர் தண்ணியில ஃப்ளோரைடு (அளவா இருந்தா சொத்தையைத் தடுக்கற, அதிகமானா பல்லுல கறை விழ வைக்கற உப்பு) அதிகம், பல்லுல காவி ஏறின மாதிரி பழுப்புக் கோடு விழுந்தவங்களை தெருவுக்குத் தெரு பார்க்கலாம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே இதுக்காகத்தான் கொண்டு வந்தாங்க. குடிக்கற தண்ணியில ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் ஃப்ளோரைடு இருக்கலாம், வேற தண்ணிக்கு வழியே இல்லன்னா 1.5 வரைக்கும் போகலாம்ங்கறது இந்திய தர அளவு. அதுக்கு மேல இருக்கற தண்ணியைக் குடிச்சு வளர்ற குழந்தைக்கு ஈறுக்குள்ள உருவாகிட்டிருக்கற நிரந்தரப் பல்லு கறையோடதான் வெளிய வரும்.

பள்ளிக்கு வர்ற தண்ணி ஒகேனக்கல் லைனா, பஞ்சாயத்து போரா, கேன் தண்ணியான்னு தெரிஞ்சுக்கங்க. போர் தண்ணின்னா தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணிக்கலாம், கட்டணம் உண்டு, சுத்தமான பாட்டில்ல எவ்வளவு தண்ணி கொண்டு வரணும்னு முன்னாடியே போன் பண்ணி கேட்டுட்டுப் போங்க. ரிப்போர்ட்டை ஃபைல்ல போட்டு வைங்க. பெத்தவங்க மீட்டிங்ல "ஏற்கனவே தண்ணியில ஃப்ளோரைடு இருக்கே, பேஸ்ட்லயும் எதுக்கு"ன்னு யாராவது கண்டிப்பா கேப்பாங்க, அது நியாயமான கேள்வி, கையில பேப்பர் இருந்தாத்தான் ஒழுங்கா பதில் சொல்ல முடியும்.

அளவு கூட இருந்துச்சுன்னா குடிக்கறதுக்கும் வாய் கழுவறதுக்கும் வேற தண்ணி ஏற்பாடு பண்ணுங்க, எந்த பேஸ்ட் போடறதுன்னு பல் டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் பேஸ்ட் இல்லாம வெறும் ப்ரஷ்லயே பழக்கலாம், அதுவும் வீண் போகாது.

2. ஒரு பல் டாக்டரைப் பிடிங்க

உங்க ஊருக்குக் கிட்ட பல் மருத்துவக் கல்லூரி இருந்தா நேரா அங்கயே போயிடுங்க. பொது சுகாதார பல் மருத்துவம்னு ஒரு துறை எல்லா கல்லூரியிலயும் இருக்கு, பள்ளிக்கூடம் கிராமம்னு போய் கேம்ப் நடத்தறது அவங்க படிப்போட ஒரு பகுதிதான், அதனால பெரும்பாலும் பணம் வாங்க மாட்டாங்க. பள்ளி லெட்டர்பேடுல குழந்தைங்க எத்தனை பேரு, என்ன வயசு, எந்த நாள் வசதின்னு எழுதி துறைத் தலைவர் பேருக்குக் குடுங்க. பரீட்சை நேரத்துல வர மாட்டாங்க, ஒரு மாசம் முன்னாடியே குடுத்துடறது நல்லது.

அங்கன்வாடி டீச்சரா இருந்தா ஆர்பிஎஸ்கே டீம் (குழந்தைங்களை செக் பண்ற அரசு மருத்துவக் குழு) வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து குழந்தைங்களை செக் பண்ணுவாங்க, பல்லும் அந்த லிஸ்ட்ல இருக்கு. எடை உயரத்தோட முடிச்சுடாம வாயையும் திறந்து பார்க்கச் சொல்லுங்க.

டாக்டர் வர்றப்போ ஒவ்வொரு குழந்தையோட பல்லையும் பார்த்து எழுதி வாங்கிடுங்க. ஏற்கனவே சொத்தை இருக்கற குழந்தை ப்ரஷ் பட்டதும் வலியில அழும், நீங்க அடம்னு நினைச்சுக்குவீங்க. மேல் முன்பல்லுல ஈறு ஓரமா சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைக் கோடு இருந்தா அது சொத்தையோட ஆரம்பம், அந்தக் கட்டத்துல ஒழுங்கா விளக்கினா அப்படியே நிறுத்திடலாம், அந்தக் குழந்தைங்க பேரைத் தனியா குறிச்சுக்கங்க.

3. பெத்தவங்க சம்மதக் கடிதம்

கடிதம் இல்லாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. வாட்ஸ்அப் குரூப்ல தம்ஸ்அப் போட்டதெல்லாம் சம்மதம் ஆகாது. தமிழ்ல, ஒரே பக்கத்துல, இதெல்லாம் இருக்கணும்:

- குழந்தை பேரு, பிறந்த தேதி (மூணு வயசு ஆச்சா இல்லையான்னு பார்க்கறதுக்கு, பேஸ்ட் அளவு அதை வச்சுத்தான்)
- என்ன பேஸ்ட், ஃப்ளோரைடு எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு வைப்போம்
- அலர்ஜி, வலிப்பு, இருதயப் பிரச்சனை, சீக்கிரம் ரத்தம் நிக்காத பிரச்சனை ஏதாவது இருக்கா
- வீட்டுல குடிக்கற தண்ணி எது
- சம்மதம் / சம்மதம் இல்லை, எப்ப வேணா நிறுத்திக்கலாம்னு ஒரு வரி
- கையெழுத்து, போன் நம்பர்

சம்மதம் இல்லைன்னு எழுதினவங்க குழந்தையை அந்த நேரத்துல தனியா மூலையில உக்கார வைக்காதீங்க, பேஸ்ட் இல்லாம வாய் மட்டும் கொப்பளிக்கட்டும். கொஞ்ச நாள்ல அந்தக் குழந்தையே வீட்டுல போய் எனக்கும் ப்ரஷ் வேணும்னு கேக்கும், அம்மா தானா வந்து கையெழுத்துப் போடுவாங்க.

மீட்டிங்ல அடிக்கடி வர்ற கேள்வி, "விழப்போற பல்லுதானே மிஸ், எதுக்கு இவ்வளவு?" முன்பல்லு ஆறேழு வயசுல விழும், சரி. கடவாய்ப் பால்பல்லு பத்து பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்கணுமே. அது சொத்தையாகி சீக்கிரம் போயிடுச்சுன்னா பக்கத்துப் பல்லு அந்த இடத்துல சாஞ்சு, அடியில இருந்து வர்ற நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாம கோணலா முளைக்கும். அதுக்கும் முன்னாடி வலியில குழந்தை சாப்பிடாது, ராத்திரி தூங்காது. இதைச் சொன்னா புரிஞ்சுக்கறாங்க. வேப்பங்குச்சி போதாதான்னு பாட்டிங்க கேட்டாங்கன்னா மரியாதையா சொல்லுங்க, பெரியவங்களுக்கு சரிங்கம்மா, மூணு வயசுக் குழந்தைக்கு குச்சி ஈறுல குத்திடும்னு. செங்கல் பொடி, கரி, உப்பு, சிவப்புப் பல்பொடி எதுவும் பால்பல்லுக்கு வேண்டாம், எல்லாம் பல்லைத் தேய்ச்சு எடுத்துடும்.

4. சாமான் வாங்கறது, செலவு

ப்ரஷ்: தலை சின்னதா, நார் சாஃப்ட்டா, பிடி தடிமனா இருக்கணும், பிடி மெலிசா இருந்தா குழந்தைக் கைக்கு நிக்காது. பொம்மை போட்ட விலை கூடின ப்ரஷ் தேவையில்ல, ஆனா எல்லாம் ஒரே கலர்ல மொத்தமா வாங்கிடாதீங்க, நாலஞ்சு கலர் கலந்து வாங்குங்க, ஏன்னு அடுத்ததுல சொல்றேன்.

பேஸ்ட்: நம்ம நாட்டு சட்டப்படி பேஸ்ட்ல ஃப்ளோரைடு 1000 பிபிஎம்முக்கு (அதாவது பத்து லட்சம் பங்குல 1000 பங்கு) மேல இருக்கக் கூடாது, அளவையும் காலாவதி தேதியையும் ட்யூப்லயே போட்டிருக்கணும். எடுத்துத் திருப்பிப் பாருங்க. குழந்தைங்க பேஸ்ட்னு விக்கறதுல சிலதுல சுமார் 500தான் இருக்கும், சிலதுல ஃப்ளோரைடே இருக்காது. தண்ணியில ஃப்ளோரைடு சரியான அளவுல இருக்கற ஊர்ல 1000 பிபிஎம் பேஸ்ட்டை துளியூண்டு வைக்கறதுதான் சொத்தையைத் தடுக்கும்னு குழந்தை பல் டாக்டருங்க சொல்றாங்க. பெரியவங்க மிண்ட் பேஸ்ட் வச்சா "காரமா இருக்கு மிஸ்"னு பாதி பேரு துப்பிட்டு ஓடிடுவாங்க, பழ வாசனை ஜெல் வச்சா மிட்டாய் மாதிரி சப்பி முழுங்கிடுவாங்க, அதனால காரம் கம்மியா, இனிப்பும் கம்மியா இருக்கறதா தேடுங்க. யாராவது ஸ்பான்சர் பண்றேன்னு பெட்டியோட கொண்டு வந்து குடுத்தாலும் பிபிஎம், தேதி ரெண்டையும் பார்க்காம வாங்காதீங்க.

20 குழந்தைக்கு எங்க பக்கத்து விலையில கணக்கு: மூணு மாசத்துக்கு ஒருதடவை ப்ரஷ் மாத்தணும், பள்ளி நடக்கற பத்து மாசத்துக்கு மூணு செட், கீழ விழுந்தது கடிச்சுத் துப்பினதுன்னு மாத்த ஒரு பத்து, ஆக 70 ப்ரஷ். மொத்தக் கடையில 20, 25 ரூபாய்னு வச்சா 1400லேருந்து 1750. பேஸ்ட் ஒரு குழந்தைக்கு கால் கிராம், 20 பேருக்கு 5 கிராம், 100 கிராம் ட்யூப் ஒண்ணு 20 பள்ளி நாளுக்கு வரும், வருஷத்துக்கு பத்து பதினோரு ட்யூப், 700 ரூபாய்க்குள்ள. ஸ்டாண்டு, டேப், தட்டு எல்லாம் சேர்த்து ஒரு 500. மொத்தம் 3000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும், ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு 150 ரூபாய், ஒரு சொத்தைப் பல்லு அடைக்கற செலவு இதைவிட அதிகம். நிர்வாகத்துக்கிட்ட இந்தக் கணக்கை எழுதியே குடுங்க, வாயால சொன்னா "பார்க்கலாம்"னு தள்ளிடுவாங்க. பெத்தவங்களையே ப்ரஷ் வாங்கி அனுப்பச் சொன்னா ஒருத்தர் பெரிய சைஸ், ஒருத்தர் ஹார்டு, ரெண்டு பேரு ஒரே மாதிரி, நாலு பேரு மறந்துட்டாங்கன்னு ஆகும், காசா வாங்கி நீங்களே மொத்தமா வாங்கிடுங்க.

5. பேரு எழுதறதும் ப்ரஷ் வைக்கற இடமும்

ரொம்பப் பேரு கோட்டை விடறது இங்கதான்.

குழந்தைக்குப் படிக்கத் தெரியாது, அதனால ஒவ்வொருத்தருக்கும் ஒரு படம் குடுங்க, யானை, மாம்பழம், குடை, பஸ்ஸு, மயிலுன்னு. அதே படம் ப்ரஷ்லயும் ஸ்டாண்டுலயும் டம்ளர்லயும் இருக்கணும். மார்க்கர்ல எழுதினா ஒரு வாரத்துல அழிஞ்சிடும், வெறும் ஸ்டிக்கர் தண்ணி பட்டு உரிஞ்சிடும். படத்தை ஒட்டி மேல ட்ரான்ஸ்பரன்ட் டேப்பை ரெண்டு சுத்து சுத்துங்க, பிடியோட அடியில நெயில் பாலிஷ்ல ரோல் நம்பரும் எழுதுங்க, படம் போனாலும் நம்பர் நிக்கும். பக்கத்துப் பக்கத்துல இருக்கற குழந்தைங்களுக்கு வேற வேற கலர் ப்ரஷ் குடுங்க.

வைக்கறதுக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு மூடியில ஓட்டை போட்டுக்கலாம், ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி இருக்கட்டும், தலை மேல பார்த்து நிக்கணும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே கூடாது. எல்லா ப்ரஷ்ஷையும் ஒரே டம்ளர்ல போட்டு வைக்கறதும் பொதுவா ஒரே ப்ரஷ் வச்சிருக்கறதும் ஒண்ணுதான். ப்ரஷ்ஷுக்கு கூட வர்ற சின்ன மூடியைப் போடாதீங்க, உள்ள ஈரம் நின்னு கிருமி வளரும். திறந்து வச்சா கரப்பான், பல்லி, எறும்பு வருமேன்னு கேப்பீங்க, கொசுவலைத் துணியில ஒரு கூடு மாதிரி தைச்சு ஸ்டாண்டு மேல கவுத்துடுங்க, காத்தும் போகும் பூச்சியும் வராது. பாத்ரூமுக்குள்ள வைக்கவே வேண்டாம், க்ளாஸ்லயே கைக்கு எட்டாத உயரத்துல வைங்க.

ஆயாம்மா நல்ல மனசோட எல்லா ப்ரஷ்ஷையும் ஒரே பக்கெட்ல டெட்டால் தண்ணியில ஊற வைப்பாங்க, அதைக் கண்டிப்பா வேண்டாம்னு சொல்லிடுங்க. ஓடற தண்ணியில ஒவ்வொண்ணா அலசி உதறி வச்சா போதும். ஸ்டாண்டை வாரத்துல ஒரு நாள் சோப்பு போட்டுக் கழுவி வெயில்ல காய வைங்க.

6. முதல் வாரம்: துப்பக் கத்துக் குடுங்க

ப்ரஷ்ஷே வேண்டாம். வெறும் தண்ணி. வாய்ல தண்ணி வச்சு துப்பறது மூணு வயசுல நிறைய பேருக்கு வராது, முழுங்கிட்டு சிரிப்பாங்க. வெளிய செடிகிட்ட கூட்டிட்டுப் போய் யாரு செடிக்குத் தண்ணி துப்பறாங்க பாப்போம்னு விளையாட்டாப் பண்ணுங்க, நாலஞ்சு நாள்ல முக்கால்வாசிப் பேருக்கு வந்துடும். வராதவங்களுக்கு பேஸ்ட் அளவு அரிசி அளவுதான், மூணு வயசு தாண்டியிருந்தாலும்.

7. இனி தினமும்

ஆறு ஆறு பேரா பிரிச்சுக்கங்க, ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா. வாஷ்பேசின் உயரமா இருந்தா அதுக்காக நிறுத்திடாதீங்க, குழந்தைங்களை உக்கார வச்சு அவங்கவங்க டம்ளர்ல துப்ப வைக்கலாம்.

பேஸ்ட்டை ட்யூப்ல இருந்து நேரா ப்ரஷ் மேல பிதுக்கக் கூடாது, ட்யூப் வாய் ஒவ்வொரு ப்ரஷ்லயும் படும். ஒரு எவர்சில்வர் தட்டுல ஓரமா தள்ளித் தள்ளி புள்ளி வச்சுட்டு ஒவ்வொரு ப்ரஷ்லயும் ஒரு புள்ளியை நீங்களே எடுத்துக் குடுங்க. மூணு வயசுக்குள்ள ஒரு அரிசி அளவு, மூணுலேருந்து ஆறு வரைக்கும் ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்துல வர்ற மாதிரி ப்ரஷ் நீளத்துக்கு வளைச்சு வளைச்சு வைக்கறது குழந்தைக்கு ரொம்ப அதிகம்.

அப்புறம் நீங்களும் உங்க ப்ரஷ்ஷை எடுத்து அவங்க முன்னாடி விளக்குங்க. வாயால சொல்றது ஏறாது, பார்த்துச் செய்வாங்க. முதல்ல "ஆ" காட்டி சாப்பாடு மெல்லற இடம், கீழ ரெண்டு பக்கம், மேல ரெண்டு பக்கம். அப்புறம் "ஈ" காட்டி வெளிப்பக்கம், சின்னச் சின்ன வட்டமா. கடைசியா உள்பக்கம். ரெண்டு நிமிஷம், முதல்ல ஒரு நிமிஷமே பெருசு. குழந்தை தானா முடிச்சதும் பின்னாடி நின்னு அவங்க தலையை உங்க வயித்துல சாய்ச்சுக்கிட்டு கடைவாயில ஒரு சுத்து நீங்க போட்டு விடுங்க. ஏழெட்டு வயசு வரைக்கும் எந்தக் குழந்தைக்கும் தானா ஒழுங்கா விளக்கற அளவுக்கு கை வளையாது, இதைப் பெத்தவங்களுக்கும் சொல்லுங்க.

முடிஞ்சதும் நுரையைத் துப்பணும், அவ்வளவுதான். தண்ணி ஊத்தி நாலு தடவை கொப்பளிச்சா பல்லுல ஒட்டின ஃப்ளோரைடு எல்லாம் போயிடும். நம்ம வீட்டுல எல்லாம் கொப்பளிச்சே பழகினதால ஆயாம்மாவுக்கு மனசு கேக்காது, ஈரத் துணியில வாயைச் சுத்தித் துடைச்சு விடச் சொல்லுங்க.

ப்ரஷ்ஷை வாயில வச்சுக்கிட்டு ஒரு குழந்தை கூட எழுந்து நடக்கக் கூடாது. விழுந்தா தொண்டைக்குள்ள குத்திடும். உக்கார்ந்து விளக்கறது, ப்ரஷ்ஷைக் குடுத்துட்டு எழுந்துக்கறது, இந்த ஒரு விதியில மட்டும் இரக்கமே காட்டாதீங்க.

மாத்தி வாயில வச்சுட்டாங்கன்னா ரெண்டு ப்ரஷ்ஷையும் குப்பையில போட்டுட்டு புதுசு குடுங்க, கழுவிக் குடுக்காதீங்க, அதுக்குத்தான் அந்த பத்து எக்ஸ்ட்ரா. தக்காளிக் காய்ச்சல்னு சொல்ற கை கால் வாய் கொப்புளம் க்ளாஸ்ல ஒருத்தருக்கு வந்தாலும் விளக்கறதை நிறுத்திட்டு, எல்லாரும் தேறின அப்புறம் எல்லாருக்கும் புது ப்ரஷ்ஷோட ஆரம்பிங்க.

அழற குழந்தையை வாயைப் பிடிச்சுத் திறக்காதீங்க. ப்ரஷ்ஷை கையில குடுத்து பொம்மைக்கு விளக்கச் சொல்லுங்க, மத்தவங்களைப் பார்த்துட்டு உக்காரட்டும். சில குழந்தைங்களுக்கு நுரையும் வாசனையும் சுத்தமா ஒத்துக்காது, குமட்டும், அவங்களுக்கு ஈர ப்ரஷ் மட்டும். தினமும் ஒரே பக்கம் வலிக்குதுன்னு சொன்னா அன்னைக்கே அம்மாவுக்கு போன் பண்ணுங்க.

8. வீட்டு ராத்திரி

பள்ளியில ஒருதடவை விளக்கறது வீட்டுல விளக்கறதுக்கு பதில் கிடையாது. தூங்கறப்போ எச்சில் ஊறறது குறைஞ்சிடும், அதனால ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி விளக்கறதுதான் முக்கியம், நம்ம ஊர்ல காலையில மட்டும்தான் பழக்கம். பால் பாட்டிலை வாயில வச்சுக்கிட்டே தூங்கற குழந்தைங்க எல்கேஜியிலயும் இருக்காங்க, அவங்க மேல் முன்பல்லு நாலும் கரைஞ்சு போயிருக்கும். பாட்டிலை ஒரே நாள்ல நிறுத்தச் சொன்னா யாராலயும் முடியாது, முதல்ல சர்க்கரையை நிறுத்துங்க, அப்புறம் பாலுக்குப் பதிலா தண்ணி, அப்புறம் பாட்டிலே வேண்டாம்னு படிப்படியா சொல்லுங்க. மாசக் காலண்டர் ஒண்ணு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க, ராத்திரி விளக்கினா குழந்தையே ஒரு நட்சத்திரம் வரையட்டும்.

பிறந்தநாளுக்கு க்ளாஸ் முழுக்க சாக்லேட் குடுக்கறதையும் பேசி நிறுத்துங்க. பென்சில், ரப்பர், வாழைப்பழம் எது வேணா குடுக்கலாம். சில அப்பாங்க கோபப்படுவாங்க, முதல் மீட்டிங்லயே எல்லாருக்கும் பொதுவா சொல்லிட்டா பிரச்சனை வராது.

9. எந்த மாசம் என்ன

மே மாசம் தண்ணி டெஸ்ட்டும் கல்லூரிக்கு லெட்டரும். ஜூன்ல பள்ளி திறந்ததும் மீட்டிங், சம்மதக் கடிதம், அழுகை அடங்கறதுக்குள்ள சாமான் வாங்கி பேரு ஒட்டிடுங்க. ஜூன் கடைசியில துப்பற பயிற்சி, ஜூலை முதல் வாரம் ப்ரஷ். முதல் வாரம் முக்கால் மணி நேரம் ஆகும், பயந்துடாதீங்க, ஆகஸ்ட்ல கால் மணி நேரத்துல முடிஞ்சிடும். மத்தியானம் 12.30க்கே விடற பள்ளின்னா ஸ்நாக்ஸுக்கு அப்புறம் வச்சுக்கங்க, ஆரஞ்சு, எலுமிச்சை ஜூஸ் மாதிரி புளிப்பு குடிச்ச நாள்ல அரை மணி நேரம் விட்டு. அக்டோபர்ல காலாண்டு லீவு முடிஞ்சு வந்ததும் ரெண்டாவது செட், ஜனவரியில பொங்கல் முடிஞ்சதும் மூணாவது செட், நார் விரிஞ்சிடுச்சுன்னா அதுக்கு முன்னாடியே.

ஒரு நோட்டுல தேதி, யாரு விளக்கினாங்க, யாருக்குப் புது ப்ரஷ், யாரு வலின்னு சொன்னாங்கன்னு தினமும் ஒரு வரி எழுதுங்க. அடுத்த தடவை டாக்டர் வர்றப்போ அதைத்தான் முதல்ல கேப்பாரு. ஏப்ரல் கடைசி நாள் பழைய ப்ரஷ்ஷையெல்லாம் எடுத்துப் போட்டுடுங்க, அடுத்த வருஷம் வர்ற தம்பி தங்கச்சிக்குன்னு ஒண்ணைக் கூட எடுத்து வைக்காதீங்க.